பன்னிரண்டுக்கு ஒன்று

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்த நேரத்தில் ஆர்டர் வந்தது.
தேசப்பன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி
"பிளேனுக்கா? பிளேனுக்கேவா?" என்றார்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் சரக்கு வண்டி
நாற்பத்தோராவது பெட்டி, நாற்பத்திரண்டாவது பெட்டி என்று
போய்க்கொண்டே இருந்தது.

சின்ன விமானமாம். எழுபது பேர்.
இறக்கையில் காற்றாடி சுற்றுகிற ரகம்.
வால் பக்கம் வாசல்,
தரையிலிருந்து நாலடிச் சொச்சம்.
இனிமேல் படிக்கட்டு வேண்டாமாம், சாய்தளம் போதுமாம்.
பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறணும்,
அதற்கு மேல் செங்குத்து ஆகாது.
கணக்குப் போட்டால் ஐம்பதடி வருகிறது.
எங்கள் பட்டறையே முப்பதுதான்.
"மடிச்சிப் போடுண்ணா" என்றான் மொய்தீன்.
பாதியில் திரும்பி வருகிற மாதிரி
சாக்பீஸால் தெருவிலேயே படம் போட்டார்கள்.
ஆட்டோக்கள் அதன் மேலேயே போயின.

நான் அங்கே பில் போடுகிறவள்.
ஒன்பது வருஷமாகப் பட்டறை வாசலில்
ஒரு படி. ஒரே ஒரு படி.
காலையில் ஒருத்தர் என் முன்சக்கரத்தைத் தூக்குவார்,
சாயந்திரம் ஒருத்தர் பின்னால் பிடிப்பார்.
முறை வைத்தெல்லாம் இல்லை.
யார் கையில் கிரீஸ் இல்லையோ அவர்.

விமானத்தில் ஒரு தடவை போயிருக்கிறேன்,
தூத்துக்குடிக்கு, சின்னம்மா அடக்கத்துக்கு.
என் நாற்காலியை வாங்கி எங்கோ தள்ளிக்கொண்டு போனார்கள்.
அலமாரித் தட்டு அகலத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து
மார்புக்கு ஒரு வார், முழங்காலுக்கு ஒரு வார்.
இரண்டு பையன்கள்.
"மேடம், கைய உள்ள வச்சிக்கங்க."
ஆறு படி.
ஐந்தாவதில் முன்னால் இருந்தவன் மூச்சு வாங்கினான்,
அவன் சட்டையில் அந்துருண்டை வாசனை.
கீழே வரிசையில் நின்றவர்கள்
எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போனைப் பார்த்தார்கள்.
மரியாதைதான். எனக்குத் தெரியும்.

இருபத்து மூன்று நாள் வேலை.
அலுமினியம் அறுக்கிற சத்தத்தில்
இரண்டு தடவை எனக்குக் கூட்டல் தப்பியது.
முடித்துப் பார்த்தால், சோதிக்க விமானத்துக்கு எங்கே போவது?
ஏழுமலையின் லாரியைத் தெரு முனையில் ரிவர்ஸில் நிறுத்தினார்கள்.
லாரித் தட்டும் கிட்டத்தட்ட அதே உயரம்.

தெருவே ஏறியது.
ஐஸ் பெட்டி வைத்த மீன்பாடி வண்டி ஏறியது.
நூர்ஜகான் இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு ஏறி
"தம்பி, ஜன்னல் சீட்டு எங்க?" என்று கேட்டுவிட்டு
இறங்கிப் போனாள்.
பிள்ளைகள் சறுக்கினார்கள்.
ஓர் ஆடு பாதிவரை வந்து
நின்று
வேண்டாம் என்று திரும்பியது.

கடைசியில் நான்,
யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு.
முதல் நீளம் நன்றாகத்தான் இருந்தது,
தோள்பட்டை மட்டும் சூடானது.
திருப்பத்தில் கால்பலகை கம்பியில் இடித்தது.
பின்னால் வந்தேன். கொஞ்சம் ஒடித்துப் போனேன்.
இடித்தது.
"படத்துல கரெக்டா இருந்துச்சே" என்றான் மொய்தீன்.
"படத்துல நான் இல்லையே" என்றேன்.

தேசப்பன் எதுவும் பேசவில்லை.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
டேப்பை இழுத்து என் நாற்காலியை அளந்தார்,
கால்பலகை முனையிலிருந்து பின்சக்கரம் வரை.
ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.
திருப்பத்தை வெட்டி, அகலப்படுத்தி, மறுபடி ஒட்ட
நாலு ராத்திரி ஆனது.

பகலில் பெரிய வண்டிக்கு அனுமதி இல்லை.
இரவு பதினொன்றரைக்குக் கிளம்பியது,
ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு,
மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தி.
கேட் மூடியிருந்தது.
அரை மணி நேரம் எங்கள் கண் முன்னாலேயே நின்றுவிட்டுப் போனது.

வாசல்படி அங்கேயேதான் இருக்கிறது.
மறுநாள் கேட்டேன்.
"தகடு மிச்சமில்லையேம்மா" என்றார் தேசப்பன்,
நிஜமாகவே வருத்தமாக.
கையைப் பழைய துணியில் துடைத்துவிட்டு வந்து
முன்சக்கரத்தைத் தூக்கினார்.

உள்ளே போய் பில் போட்டேன்.
சாய்தளம், அலுமினியம், ஒன்று.
திருப்பத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி.
சோதித்தவர் என்ற இடம் காலியாக இருந்தது.
இம்மாகுலேட் என்று எழுதினேன்,
இரண்டு கார்பன் தாண்டி
மூன்றாம் பிரதியிலும் விழுகிற மாதிரி
அழுத்தி.