நாலு செக்கன்

பிஸ்கட் ரின்னுக்குள் ஒளிபரப்பியை அடைத்து,
காற்றுப் போக மூடியில் ஆணியால் துளைத்தேன்.
சூடு உறிஞ்ச ஓர் அலுமினியத் துண்டு:
ஐஸ் பக்டரியில் எரிந்துபோன பலகையிலிருந்து கழற்றியது,
முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான்.

இரண்டு வாற்று வரவேண்டும். அரைதான் வந்தது.
மூன்று இரவு தேடினேன்.
இணைப்பியின் தொண்டையில்
மயிர் தடிப்பில் ஈயம்.

கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூரில்,
பஸ்மியா ரீச்சர் மொட்டைமாடியில் டிஷ்ஷோடு நிற்கிறா.
கணக்குப் பாடக்காரி. எத்தனை பாகை என்று கேட்டா.
என்னிடம் பாகைமானி இல்லை.
'கோணேசர் மலைக்கு இடப்பக்கம்,
நீட்டின கையில அஞ்சு விரல்' என்றேன்.
அவ விரலும் என் விரலும் ஒரே தடிப்போ
என்று சிரித்தா. ஆனாலும் திருப்பினா.

பழைய ரீவி என்றால் புள்ளி மழைக்குள்
ஒரு மூக்காவது தெரியும், நம்பி இருக்கலாம்.
இது அப்படியில்லை.
முழுசாய் வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது.
'ஒண்டுமில்ல' என்று வோக்கியில் அவ குரல்,
பொழுதுபட முன்னம் பதினேழு தடவை.
குரல் உடனே வந்துவிடும்.
படத்தைத்தான் சுருக்கி, பொட்டலம் கட்டி,
வழியில் சிந்தினால் ஒட்டிப் பார்க்க
எண்களையும் இடையில் செருகி அனுப்ப
நாலு செக்கன்.

கமராவுக்கு முன்னால் ஒரு காட்போட் அட்டை.
மாக்கரில் என் அழைப்புக்குறி: நாலு, எஸ், ஏழு.
மிச்சம் எழுத இடம் காணவில்லை.
திருகாணி தேடி நான் குனிந்த நேரம்
உவர்மலைத் தெருவில் திரிகிற புள்ளிமான் ஒன்று
உள்ளே வந்து அட்டையைக் கடித்தது.
கை தட்டினேன்.
மதிலுக்கு மேலால் பாய்ந்து போய்விட்டது.

கிழிந்ததைக் கையில் எடுக்கிறேன்,
வோக்கி அலறுகிறது:

'யா அல்லாஹ், மான்! உங்கட எழுத்தைத் தின்னுது!
நாலும் போச்சு, எஸ்ஸும் போச்சு,
ஏழை மட்டும் விட்டு வெச்சிருக்கு!
விரட்டுங்க, விரட்டுங்க!'

வெறும் மதில்.
ஒரு குரோட்டன் கொப்பு இன்னும் ஆடுகிறது.

'விரட்டுறன் ரீச்சர்' என்றேன்,
கையில் ஏழோடு.