தெற்கு எல்லை

செசிலியாள், கணவர் பெயர் சூசை மிக்கேல், காலஞ்சென்றவர்.
கோரிக்கை: வீட்டின் பின்புறம் தடுப்புச்சுவர்.
நீளம் நாற்பது அடி. உயரம் ஆறு.

ஐந்துக்கு மேல் விதி இடம் தராது என்றேன்.
"கச்சான் ஏறி வர்றப்ப
அந்த ஓரடிக்கு நீங்க வந்து நிப்பீகளா?"

மூக்கையூர் ஊராட்சி அலுவலகத்தில்
மின்விசிறி ஓடாத மதியம்.
நான்கெல்லை நிரப்பினேன்.
வடக்கே மாதா கெபி.
மேற்கே பாதை,
வண்டி போகுமென்று வரைபடம் சொல்கிறது, ஆடு போகும்.
கிழக்கே வரப்பிரசாதம் வீடு,
ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்து.
தெற்கே
கடல் என்று எழுதி
அடித்து
புறம்போக்கு என்று எழுதினேன்.

மறுநாள் நேரில் போய் அளந்தேன்.
போன வருஷப் பனைமட்டை வேலியில்
மிஞ்சியது மூன்று குச்சி,
ஒன்றில் கொடிக்கயிறு, காயும் பாவாடை.
டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு
அலை வரைக்கும் நடந்தாள்.
அறுபத்திரண்டடி.
அலை வந்தது.
ஐம்பத்தேழு.
"எதை எழுதுவீக?"
எதுவானாலும் ஒன்றுதான்.
அந்தத் தூரத்துக்குள் சுவரே கூடாது,
வீடும்தான் கூடாது,
வீட்டுக்கு வரி ரசீது போட்டவன் நான்.

கோப்பு கடலாடி போனது. ராமநாதபுரம் போனது.
ஆனியில் திரும்பியது:
தெற்கு எல்லைதாரர் ஒப்புதல் இணைக்கப்படவில்லை.

சொல்லப் போனேன்.
வீட்டின் பின்னால் யூரியா சாக்குகள்,
மணல் அடைத்து, தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாய்.
சாக்கைப் பற்றி விதியில் ஒரு வரி கிடையாது.
இருந்தும் அளந்தேன். ஏழடி.

அவள் ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தாள்,
நிமிரவில்லை.
டேப்பைச் சுருட்டினேன்.
உள்ளே மணல் போயிருக்க வேண்டும்,
நாலடி வெளியே நின்றுவிட்டது.