சிவப்புப் பல்

முதலில் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுகிறேன்.
தூங்குகிறது என்று நம்பிக் கை வைத்தவர்களுக்கு
இந்த ஊரில் ஒன்பது விரல்.

புயல் போய் மூன்றாம் நாள்.
சான்-ஆந்த்ரேயில், என் பட்டறை வாசல்வரை
ரம்பங்கள் காத்துக் கிடக்கின்றன.
கிளோவிஸ் வேலாயுதோம் பறக்கிறார்:
"பல்லை மட்டும் தீட்டு.
கூரைமேல் லீச்சி மரம் கிடக்கிறது."

"சீவலாக விழுகிறதா, மாவாகவா?"
"மாவு."
அப்படியானால் அது அறுக்கவில்லை,
உரசிக்கொண்டிருக்கிறது.

தகட்டை வைஸில் இறுக்கி
ஒரு பல்லுக்கு என் நகப்பூச்சை வைக்கிறேன்,
தொடங்கிய இடம் மறக்காதிருக்க.
அரம் முன்னே போகும்; திரும்புகையில் தொடாது.
இடப்பல்லுக்கு மூன்று தள்ளென்றால்
வலப்பல்லுக்கும் மூன்று.
ஓரவஞ்சனை செய்தால்
வெட்டு கோணிக்கொண்டு போகும்.

காற்று வடிகட்டியைத் தட்டினேன்:
போன வருஷத்து மாமரம் கொட்டியது.
தகட்டின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசின்.
சுரண்டிவிட்டுத் தலைகீழாக மாட்டினேன்,
தேய்மானம் ஒரு விளிம்புக்கு மட்டுமா?

அப்போதுதான் கண்ணில் பட்டது.
பிரேக் கைப்பிடி
கம்பியால் இறுகக் கட்டிக் கிடந்தது.
"சும்மா சும்மா நின்றுவிடுகிறது, அதனால்தான்."
நான் பேசவில்லை.
குறடு பேசியது.

தொப்பியை மாட்டி
ரம்பத்தைத் தரையில் வைத்து மிதித்துக் கயிற்றை இழுத்தேன்.
முழு வேகத்தில் ஒரு கணம் அலறவிட்டு
கைப்பிடியை முன்னே தள்ளினேன்.
சிவப்புப் பல்
அவர் முகத்துக்கு நேராக
நின்றது.

எட்டு யூரோ எண்ணி வைத்தார்.
கம்பித் துண்டையும் கேட்டார்.

அது என் சட்டைப்பையில் இருக்கிறது.