ஒன்பதாம் படி

ஏணியைப் பிடித்திருந்தவன் நான்தான்.
எழுதிக்கொள்ளுங்கள் மிஸ், அதை முதல் வரியாக.

ஸ்டோர் கூரையில் தகரம் ஒன்று பெயர்ந்து
கொழுந்து வாட்டும் மாடிக்குள் மழை சொட்டிய காலை.
ஆணியும் தாரும் சுமந்து ஏறினான் பிச்சைமணி.
மூங்கில் ஏணி.
ஒன்பதாம் படி தும்புக் கயிற்றால் கட்டியது.
யார் கட்டியது, எந்த வருடம், தெரியாது.
எங்கள் இரண்டு பேருக்கும் முன்னமே
ஸ்டோருக்கு வந்த ஏணி அது.

"டேய் யோகநாதா, சாக்கு தூக்க வா."
லொறியடியில் நின்று கூப்பிட்டார் டீமேக்கர்.
ஒரு நிமிசம் ஐயா, என்றேன்.
"இப்பவே."
கையை எடுத்தேன்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை.
லொறியில் யாரோ சாக்கு வைக்கிறார்கள்
என்றுதான் முதலில் நினைத்தேன்.

டிக்கோயாவில் பதினொரு நாள்,
பிறகு கண்டி. இடுப்பில் இரும்பு.
வலது கால் அவன் சொல் கேட்பதில்லை.
சோற்றுப் பார்சலோடு அவன் பெண்சாதி சிவபாக்கியம்
பஸ்ஸில் நின்றபடி போய்
நின்றபடி வந்தாள்.

ஏறவிட்டு ஏணியை வாங்கினவன் என்றது லயம்.
பழமொழிக்கா எங்களிடம் பஞ்சம்?
பீலிக்கரையில் குடம் வைத்திருந்தவர்கள்
என்னைக் கண்டால் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

மூன்றாம் வாரம் தோட்டத்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்.
சீனி போட்ட பிளேன்டீ.
பதினாறு வருடத்தில் முதல் தடவையாகக் கதிரை.
சிங்களத்தில் ஒரு கடிதாசி.
வாசித்துக் காட்டுங்கள் என்றேன்.
கையெழுத்து மட்டும் போதும் என்றார் பெரிய கிளாக்கர்.
எனக்குச் சிங்களம் பேச வரும்,
எழுத்தில் பஸ் போர்டுகள் தெரியும்,
இன்னுமொரு சொல் தெரியும்:
டவுன் சாராயக்கடைப் பலகையில் இருக்கும் சொல்.
அது அந்தக் கடிதாசிக்குள் எப்படி வந்தது?
காலை எட்டு மணி மிஸ்.
அவன் வயிற்றில் ஒரு ரொட்டியும்
கட்டைச் சம்பலும்தான்.

கையெழுத்து வைக்கவில்லை.
துணிச்சல் என்று எழுதாதீர்கள்,
கை நடுங்கி பிளேன்டீ கடிதாசியில் கொட்டிவிட்டது,
அவர்கள் புதிதாக அடிப்பதற்குள்
வெளியே வந்துவிட்டேன்.

செக்ரோலில் அவன் பேர் இல்லையாம்.
கைக்காசு ஆளுக்கு நட்டஈடு கிடையாதாம்.
நீங்கள் புத்தகத்தைப் புரட்டி,
கைக்காசுக்கு வந்தவனும் வேலையாள்தான் என்றீர்கள்.
சிவபாக்கியம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்,
என்னைப் பார்த்துக்கொண்டே.

ஏணியைக் கேட்கிறீர்கள்.
மறுநாளே அது அடுப்புக்குப் போய்விட்டது.
அன்றைய தேயிலை அந்தச் சூட்டில்தான் காய்ந்தது.
யார் கோப்பையில் இருக்கிறதோ.

ஆனால் இந்தக் கயிறு இருக்கிறது.
தூக்கும்போது அவன் செருப்பில் சுற்றிக் கிடந்தது,
கால்சட்டைப் பையில் போட்டேன்.
ஏன் என்று தெரியாது.
தொட்டுப் பாருங்கள், பொடியாய் உதிரும்.

காலுக்கு டொக்டர் வீதம் போட்டிருக்கிறார்.
கையை எடுத்ததற்கு எத்தனை வீதம் மிஸ்?
பட்டியலில் இல்லை என்கிறீர்கள்.
பழுதான ஏணியைத் தந்தது யார்,
பிடித்தவனைக் கூப்பிட்டது யார்,
அதுதான் கேள்வி என்கிறீர்கள்.
சரி.
இரண்டாவதை நான் சொல்லிவிட்டேன்.
பிரட்டில் இனி என் பேரைக் கூப்பிட மாட்டார்கள்.

*

அடுத்த தவணை மார்கழியில்.
தொழில் கந்தோர் மேல்மாடியில்;
இருபத்திரண்டு படி, கைப்பிடி ஒருபக்கம்தான்.
ஊன்றுகோலைச் சிவபாக்கியம் வாங்கிக்கொள்ள
நான் அவன் கக்கத்தில் கை கொடுத்தேன்.
கீழே ஹட்டன் பஸ்கள் ஹோன் அடித்தன.
பாதிப் படியில் நின்றான்.
"இவ்வளவு இறுக்காதடா, நோகுது"
என்றான் பிச்சைமணி,
ஏழு மாதம் என்னோடு பேசாதவன்.