பகரம்

கல் என்னுடையது.
இடது சிறுநீரகத்தில், ஏழு மில்லிமீட்டர்.
நேர்ச்சை வத்சலாவுடையது.
ஸ்கேன் சென்டர் பெஞ்சில் இருந்தபடியே
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்
நாற்பத்தொன்று தெரளிக் கொழுக்கட்டை என்று
அம்மைக்குச் சொல்லிவிட்டாள்.

கல் இறங்கிற்று,
பல்லைக் கடித்த ஒரு செவ்வாய் விடியலில்.
இலைதான் இறங்கவில்லை மலையிலிருந்து.

குலசேகரம் சந்தைக்கு அதைக் கொண்டுவருகிறவர்
ரெண்டு மாசமாய் ஆளைக் காணோம்.
திருவட்டாறில் கேட்டேன், அருமனையில் கேட்டேன்.
மார்த்தாண்டத்தில் ஒருத்தி
வாடிய வெற்றிலையைத் தூக்கிக் காட்டி
"இது போராதா?" என்றாள்.
பேச்சிப்பாறைப் பக்கம் பைக்கைத் திருப்பினால்
செக்போஸ்டில் வாட்சர்:
"இலையா? என்ன இலை?"
கொழுக்கட்டைக்கு என்றேன்.
"எல்லாவனும் இப்ப இதத்தான் சொல்லுகான்" என்றார்.

இதற்குள் வத்சலா குளிமுறியில் வழுக்கி
வலது கையில் மாவுக்கட்டு.
மாவுக்கட்டோடு மாவு பிசைய முடியுமா?
வலி எனக்கு, பகரம் நேர்ந்தது அவள்.
நேர்ந்தது அவள், பகரம் பிசைவது நான்.
வறுத்த பச்சரிசி மாவு, கருப்பட்டி,
தோல் கறுத்த பாளையங்கோடன் பழம், தேங்காய்,
சீரகம், சுக்கு,
விரலிடுக்கில் ஒட்டிக்கொண்ட என் மோதிரம்.

மதிலுக்கு அப்பால் கிறிஸ்டல் டீச்சர் வீட்டுப் பட்டைமரம்.
பத்து இலை பறித்துத் தந்தார்.
குவித்ததும் கிழிந்தது, பத்தும்.

மைதீன் பிச்சை கடையில்
காய்ந்த இலை ஒரு கவர், இருபது ரூபாய்.
"இதும் தெரளிக்கச் சித்தப்பன் மகன்தான்.
வடக்க போய்க் காஞ்சு போனான்" என்றார்.
ஒன்றைச் சும்மா கொதிக்கவிட்டுப் பார்த்தோம்.
அடுக்களை முழுக்கக் கல்யாண பிரியாணி.
"அம்மை இறங்கி வந்து லெக்பீஸ் கேப்பா."

பிலாவிலை குவிந்தது.
ஈர்க்கில் குத்தினால் குத்தியபடி நின்றது.
மாவைத் தாங்கும், தண்ணீரைத் தாங்கும்.
ஆனால் ஊமை.
எத்தனை ஆவி பட்டாலும் வாய் திறக்காது.

கடைசியில் சிறுபயறு டப்பாவின் அடியில்,
வண்டு வராமல் இருக்கப் போன வருசம் போட்ட
மூன்று தெரளி இலைகள்.
தொட்டால் பொடிகிற பழுப்பு.
நாற்பத்தொன்றுக்கு மூன்று.

"பொதிய வேண்டாம்" என்றாள் வத்சலா,
"தண்ணியில போடுங்க.
நான் என்ன, இலையையா நேந்தேன்?"

அப்படித்தான் அடியில் மூன்று இலையும்
மேல் தட்டில் நாற்பத்தொரு ஊமைகளும்
ஒரே பானைக்குள் அரைமணிக்கூர்.

படைக்கும் முன்னே நாக்கில் வைக்கக்கூடாது.
அது எனக்குத் தெரியும்.
மணந்தும் பார்க்கக்கூடாது என்பது
மூடியைத் தூக்கும்போதுதான் தெரிந்தது.
"மூச்சப் பிடிச்சுக்கிடுங்க!"

பிடித்தேன்.
மணத்துக்கென்றே அலைந்த ஒன்றை
மணம் தெரியாமல் இறக்கிவைத்தேன்,
முகத்தைக் கிழக்கே திருப்பி.
அவளும் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.
கல் இறங்கிய விடியலில்கூட
இத்தனை நேரம் நான் மூச்சடக்கவில்லை.
எங்களைக் கேட்காமல் ஆவி
சன்னல் வழியாக வெளியே போனது.

மதிலுக்கு மேலே டீச்சரின் தலை.
"வத்சலா! தெரளி எங்க கிட்டிச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள்.
கண்ணால் சிரிப்பவர்களுக்கு
மூக்கைப் பொத்தியிருப்பது ஒரு தடையில்லை.

கோயிலிலிருந்து திரும்பி வந்து
அடுக்களைப் படியில் இருந்து ஒன்றைப் பிரித்தோம்.
பிலாவின் நரம்பு மாவில் அப்படியே பதிந்திருந்தது,
நடுவில் ஒரு கோடும் இருபக்கமும் கிளைகளுமாய்
என் ஸ்கேன் படத்தைப் போல.
இடக்கையால் பிட்டு வாயில் போட்டாள்.
வெகுநேரம் மென்றாள்.

"கொள்ளாம்."

பிறகு
செம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"தண்ணி நல்லாக் குடியுங்க.
அடுத்த கல்லுக்கு
ஒரு தேங்காதான் நேருவேன்."