இருபத்திரண்டு எழுத்து

ப்ருனோவில் டிராமுக்கு ஷாலினா என்று பெயர்.
எட்டாம் எண் ஷாலினா சுரங்கத்துக்குள் இறங்கி
மூச்சு வாங்கி நிற்கும் கடைசி நிறுத்தம்
பொஹுனித்ஸே ஆஸ்பத்திரி.
விளாஸ்திமில் கோசினா
நாளைக்கு ஏழு தடவை அங்கே வருவார்.
மேலே ஏறிப் போனதில்லை.

பிப்ரவரியில் ஒருநாள்
நடைமேடையின் இடப்பாதி அவருக்கு இல்லாமல் போனது.
கதவு திறக்கவில்லை.
கண்ணாடியைத் தட்டிய பெண்ணிடம்
"எந்தப் பக்கம்?" என்றாராம்,
உண்மையாகவே தெரியாமல்.

எனக்கு அவர் முதலில் ஒரு குழாய்.
கழித்தல் எண்பது டிகிரியில் நீல மூடி,
பென்சிலில் 114,
உள்ளே பட்டாணியில் பாதி.
கிளியோபிளாஸ்டோமா, நான்காம் படி.
அதற்கு மேல் படி கிடையாது.

அரைத்து, கழுவி, வடித்து
கடைசியில் கண்ணாடி போல ஒரு சொட்டு.
அதில்தான் தேடுகிறேன்
இருபத்தொன்று என்று எண்ணிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.வை.
இருபத்திரண்டே எழுத்து.
ஒரு புரதம் செய்யத் துப்பில்லை அதற்கு.
மெய்யின் தலையில் புள்ளி என்ன செய்யும்?
இதுவும் அதையே.
எழுதியது அப்படியே இருக்க
உயிரை மட்டும் எடுத்துவிடும்.

நல்ல மூளைத் துணுக்கின் கோடு
இயந்திரத்தில் தயங்கித் தயங்கி எழும்பியது.
114 ஆறு சுற்று முன்பே
செங்குத்தாகப் போயிருந்தது.
கட்டியின் வாயை அடைக்க வேண்டிய நூற்றிருபத்தெட்டோ
தானே வாயடைத்துக் கிடந்தது.
காப்பி ஆறிவிட்டது. அதையே குடித்தேன்.

ஏப்ரலில் டாக்டர் ஹினெக் அவரையே கூட்டிவந்தார்.
கேட்டாராம், பார்க்க வேண்டும் என்று.
கம்பளித் தொப்பி, அதன்கீழ் தையல்.
இடக்கையை மனைவி க்வியெதா
யாருடைய பையையோ போலத் தூக்கிக்கொண்டிருந்தார்.
திரையை ரொம்ப நேரம் பார்த்தார் அவர்.
"பிரேக் போச்சா, கைப்பிடி இறுகிடுச்சா?"

ரெண்டும்தான் என்று சொல்லியிருக்கலாம்.
"பிரேக் செய்யச் சொல்லிக் கடிதம் கிளம்புது.
பட்டறைக்குப் போய்ச் சேரல.
வழியிலேயே ஒரு துண்டுச்சீட்டு மறிச்சுக்குது."

"அப்போ அந்தச் சீட்டைப் பிடிங்க."
சிரித்தார், முகத்தின் வலப்பாதியால்.

பிடிக்கலாம். அதன் எழுத்துக்கு எழுத்து
எதிரெழுத்து கோத்து அனுப்பினால்
ஒட்டிக்கொண்டு ஓய்ந்துவிடும்,
தட்டில் வளரும் செல்லில்.
எலியில் கொஞ்சம்.
மனித மூளையின் வாசலில் காவல் கடுமை.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
க்வியெதா கேட்டது வேறு:
"அந்தத் துண்டுக்குக் குளிருமா, உள்ளே?"
டாக்டர் ஹினெக் ஜன்னலைப் பார்த்தார்.
"இல்லை" என்றேன்.
அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

நவம்பர்.
பட்டியலின் கடைசிப் பத்தி அரை அங்குல அகலம்.
செக் மொழிக்கு அது தாராளம்.
இஸட் எழுத்தின் தலையில் குட்டிக் கொக்கி இருந்தால்
ஆள் இருக்கிறார்.
கொக்கி இல்லையென்றால் இல்லை.

ஒரு விசை. கொக்கியை எடுத்தேன்.

பட்டாணியில் பாதி; அதிலும் பாதி மிச்சம்.
மூடியில் பென்சில் மங்கியிருந்தது.
உறைபனியை விரலால் துடைத்துவிட்டு
மேலேயே மறுபடி எழுதினேன், 114,
சற்றுப் பெரிதாக.