பூஜ்ஜியம் கிலோ

பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டை இறக்கிய மறுநாள்
டோக்கன் கொடுத்தார்கள்.
நூற்றுப் பதினாறு விசைப்படகு போனது.
ஞாயிறு காலைக் கணக்கை மூடியதும்
நாங்கள் செய்த பக்கம் சொன்னது:
நூற்றுப் பதினாறும் கரையில்.

பதினொன்றுக்கு லதாராணி போன் செய்தாள்.
"எங்க வீட்டுக்காரரு வெறும் வலையோட
வந்துட்டார்னு போட்டிருக்கீங்க.
பூஜ்ஜியம் கிலோன்னு.
நான் ஜெட்டியிலதான் நிக்கிறேன்.
படகைக் காணமே."

ஐஸ் பேக்டரி மாடி. கீழே கட்டி உடைக்கிற சத்தம்.
டெம்ப்ளேட்டைத் திறந்தேன்.
இரட்டை அடைப்புக்குறிக்கு நடுவே
என் கையால் எழுதிய வரி:
பிடிப்பு, அல்லது பூஜ்ஜியம்.

நல்லெண்ணத்தில் எழுதியது.
காலிக் கட்டம் பார்க்க அசிங்கம் என்று.
பைத்தானுக்கு
ஒன்றுமே படாத வலையும்
வந்தே சேராத வலையும்
அந்த 'அல்லது'வுக்கு முன்னால் ஒன்றுதான்.

லாக் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.
நாலு மாதம் முன்பு டிஸ்க் நிரம்பிய ராத்திரி
இன்னாசி கேட்டான்,
எதற்கு மேல் எழுதட்டும்?
பிழை மட்டும் போதும் என்றேன், தூக்கத்தில்.
அமைப்புக் கோப்பில் ஒரு சொல் மாறியது.
அன்றிலிருந்து எங்கள் சர்வர்
மூன்றாம் எண்ணுக்குக் கீழே
கூண்டே ஏற்றாத துறைமுகம்.
'ஆயிரத்து நாற்பத்து மூன்று, எடை வரவில்லை' என்று
சொல்ல வாயெடுத்து
விழுங்கியிருக்கிறது.

ஒன்றரைக்கு இன்னொரு படகு
கயிறு கட்டி இழுத்து வந்தது.
ப்ரொப்பல்லரில் அறுந்த வலை.
நம்புராஜன் இறங்கி முதலில் தண்ணீர் கேட்டார்.
இரண்டு கூடை காரல், கொஞ்சம் கணவாய்.
எடைக்காரர் முப்பத்தெட்டு என்று தட்டினார்.
பக்கம் அதையும்
ஒன்றுமே நடக்காததுபோல் வாங்கிக்கொண்டது.

ராத்திரி எச்சரிக்கையைத் திறந்துவிட்டேன்.
படகு திரும்புகிற நேரத்தில்
துரும்பு அசைந்தாலும் எழுதட்டும்.
டிஸ்க்குக்கு நான் பொறுப்பு என்றான் இன்னாசி.

பிறகு சோதனை எழுத உட்கார்ந்தேன்.
டெம்ப்ளேட்டில் கை வைக்கவில்லை.
முதல் படகு: முப்பத்தெட்டு கிலோ. பச்சை.
அடுத்தது: வந்தது, மீன் இல்லை,
பூஜ்ஜியம் என்றே அச்சாக வேண்டும். பச்சை.
மூன்றாவது: எடை இல்லை, நேரம் இல்லை.

எதிர்பார்க்கும் விடை என்ற இடத்தில்
கர்சர் துடித்தது.
'தகவல் இல்லை' என்று அடித்தேன். அழித்தேன்.
'கடலில்' என்று அடித்தேன்.
எனக்கெப்படித் தெரியும்?

லதாராணிக்கே போன் போட்டுக் கேட்டேன்,
அந்த இடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"இன்னும் வரலன்னு போடுங்க.
இன்னும்ங்கிறத விட்டுடாதீங்க."

போட்டேன். ஓட்டினேன்.
சிவப்பு.

அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன் சற்று நேரம்,
நாலு மாதத்தில் அந்தத் திரை
முதல்முறையாக உண்மை சொன்னதை.